செத்தவன் பங்கு

மழை நின்ற பதினோராம் நாள், உச்சிப் பொழுதில், எங்கள் தீயைச் சுற்றி இருந்த பதினேழு பேரில் ஒருவன் குறைந்தான். அவன் பெயர் மரை. என் அண்ணன்.

அங்கிருந்து தொடங்கினால்தான் உனக்குப் புரியும், அக்கரைக்காரா. குட்டியைப் பிடித்துக்கொள். உறுமினால் உறுமட்டும். நான் கிட்டே வரப் போவதில்லை, இந்தக் கல்லைவிட்டு எழுந்திருக்கவும் போவதில்லை. நீ கயிறு கட்டி இழுத்து வருகிறாயே, அந்த ஓநாய்க் குட்டி என்னுடையது. நெற்றியில் தழும்பு உள்ள ஒருத்தி அதை உங்களுக்குக் கொடுத்திருப்பாள். நொச்சி என்று பெயர் சொல்லியிருப்பாள். என்னிடமிருந்து திருடிக்கொண்டு போனாள். ஒன்றல்ல, நான்கு. நடந்ததைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீயே சொல், குட்டி யாருடையது என்று.

என் பெயர் உடும்பன். எங்களில் ஆண்களுக்கு விலங்கின் பெயர், பெண்களுக்குச் செடியின் பெயர். தீயைக் காப்பவள் ஆவிரை. அவள் சொன்னதுதான் முடிவு. இதற்குமேல் நீ தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் இரண்டு பேர். அலங்கு, அவன் மனைவி நொச்சி. அவ்வளவுதான்.

அன்றைக்குப் பன்றி வேட்டை. பெண்கள் புதரைத் தட்டிப் பன்றியை விரட்டி வருவார்கள். இரண்டு பாறைக்கு நடுவே ஓர் இடுக்கு. இடுக்கின் இரு பக்கமும் ஆள் நிற்பான். ஒரு பக்கம் அண்ணன், எதிர்ப்பக்கம் நான். மேலே பாறையில் அலங்கு. முதல் ஈட்டி யாருடையதோ அவனுக்கு ஈரல். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து ஈரல் அண்ணனுக்குத்தான் போயிருக்கிறது. இருபத்தெட்டுப் பன்றி. நான் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. எண்ணி மட்டும் வைத்திருந்தேன்.

பன்றியின் சத்தம் கேட்டதும் அண்ணன் என்னைப் பார்த்துச் சொன்னான்:

"உடும்பா, நீ வாலைக் குறி வை. உனக்கு அது போதும்."

மேலே அலங்கு சிரித்தான்.

பன்றி வந்தது. அண்ணன் எறிந்தான். நானும் எறிந்தேன். அண்ணனின் ஈட்டி பன்றியின் விலாவில். என் ஈட்டி அண்ணனின் வயிற்றில். நான் பன்றிக்குத்தான் எறிந்தேன். பன்றி அதற்குள் இடுக்கைத் தாண்டிப் போயிருந்தது, அதற்கு நான் என்ன செய்ய முடியும்? கையை விட்டுப் போன ஈட்டி யார் பேச்சைக் கேட்கும்?

அலங்கு கீழே குதித்து அடிபட்ட பன்றியின் பின்னால் ஓடிவிட்டான். நான் அண்ணனிடம் போனேன். ஈட்டியை உருவினேன். கல் முனை குடலில் மாட்டிக்கொண்டு வர மறுத்தது. திருகித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அவன் கத்த வாயைத் திறந்தான். வலியில் கத்தினால் உயிர் சீக்கிரம் போய்விடும் என்று வாயைப் பொத்திப் பிடித்துக்கொண்டேன். பெண்கள் வந்து சேர்ந்தபோது அவன் கண் நிலைத்துவிட்டது. பன்றி குத்திவிட்டது என்றேன். பன்றி குத்தும்தானே. யாரும் வேறு எதுவும் கேட்கவில்லை.

முதல் ஈட்டிக்காரன் செத்தால் ஈரல் அவன் நெருங்கிய உறவுக்கு. அன்று அதை நான் தின்றேன். சூடாக இருந்தது.

இனி எங்கள் முறையைக் கேள். செத்தவனைக் கல்லுக்கு அடியில் வைத்துவிட்டு வந்துவிடுவதில்லை. அவனுக்கு உயிரோடு இருந்தபோது என்ன பங்கோ அந்தப் பங்கு, அடுத்த மழை இறங்கும் வரை, தினமும் காலையில் போட வேண்டும். போட வேண்டியவன் நெருங்கிய உறவு. தீயிலிருந்து கூப்பிட்டால் குரல் எட்டாத தூரத்தில் போட வேண்டும். போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பிப் பார்த்தால் செத்தவன் தின்னாமல் பின்னாலேயே வந்துவிடுவான். அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார்கள்.

முதல் நான்கு நாள் திரும்பிப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் பார்த்துவிட்டேன். பயம்தான். மற்றவர்களுக்குச் செத்தவர்கள் வந்தால் கட்டிப்பிடித்து அழலாம். என் நிலைமை வேறு.

பார்த்தால், ஓநாய். ஆண் ஓநாய், தனியாக. இடது காது பாதியில் கிழிந்திருந்தது. அண்ணனின் பங்கைத் தின்றுகொண்டிருந்தது. எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. ஓநாய்தான்! இத்தனை தலைமுறையாக இவர்கள் போட்ட கறியெல்லாம் ஓநாய் வயிற்றுக்குத்தான் போயிருக்கிறது. வயிறு குலுங்கச் சிரித்தேன். அது தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி தின்றது.

அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் சோம்பல்தான். குரல் எட்டாத தூரம் என்றால் எவ்வளவு தெரியுமா? இரண்டு மேடு ஏறி இறங்க வேண்டும். ஓர் ஓநாய்க்காகத் தினமும் யார் நடப்பது? முதல் மேட்டோடு நின்றேன். பத்து நாள் கழித்து மேட்டுக்கு இந்தப் பக்கம். பிறகு ஓடைக்கரை. நான் எவ்வளவு கிட்டே போட்டேனோ அது அவ்வளவு கிட்டே வந்தது. ஒரு மாதத்தில் என் கையிலிருந்து வாங்கியது. இன்று உங்கள் பக்கம் யாராவது "ஓநாயை நான்தான் முதலில் பழக்கினேன்" என்று சொன்னால் நம்பாதே. முதலில் பழக்கியவன் நான். கால் வலியால் பழக்கினேன்.

ஒரு காலை ஆவிரை அதைப் பார்த்துவிட்டாள். காதைப் பார்த்தாள். அண்ணனுக்கும் இடது காது பாதிதான். கரடி கிழித்தது.

"மரை வந்திருக்கான்" என்றாள்.

எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஒருத்தி அழுதாள். நான் மறுக்கவில்லை. மறுத்தால், நீ திரும்பிப் பார்த்தாயா என்று கேட்பார்களே.

அலங்கு மட்டும் கேட்டான். "மரைக்கு வால் எப்ப மொளைச்சுது?"

"செத்தா மொளைக்கும். நீ செத்துப் பாரு, தெரியும்" என்றாள் ஆவிரை.

அது தீக்கு வெளியே, வெளிச்சம் படும் எல்லையில் படுக்கத் தொடங்கியது. எல்லோரும் அதை மரை என்றே கூப்பிட்டார்கள். "ஏண்டா உடும்பா, உங்கண்ணன் எளைச்சுட்டானே, பங்குல கை வைக்கிறியா?" என்று பெண்கள் கேலி செய்தார்கள். பங்கில் கை வைத்தது உண்மைதான். கொஞ்சம்தான்.

பிறகு மேலாற்றுக்காரர்கள் வந்தார்கள். ஏழு பேர். தீயையும் பெண்களையும் எடுத்துப் போக வந்தவர்கள். விடியும் நேரம் ஓநாய் எழுந்து பள்ளத்தைப் பார்த்து உறுமியது. முடி சிலிர்த்து நின்றது. ஆவிரை எல்லோரையும் உதைத்து எழுப்பினாள். அவர்கள் ஏறி வந்தபோது நாங்கள் மேலே கல்லோடு நின்றிருந்தோம். நான்கு பேரைக் கொன்றோம். ஒருவன் என் கணக்கு. மண்டையில் போட்டேன். இரண்டாம் அடியில் ஒரு கண் வெளியே வந்து கன்னத்தில் தொங்கியது. மூன்றாவது தேவையில்லை. போட்டேன். இன்னொருவன் இடுப்பு உடைந்து கையால் ஊர்ந்து போனான். ஓநாய் நிதானமாக அவன் பின்னால் நடந்து போய்க் கழுத்தைப் பிடித்தது. அவன் கால் வெகுநேரம் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தது. எங்களில் ஒருவரும் சாகவில்லை.

அன்றிலிருந்து ஈரல் எனக்கு. முதல் ஈட்டி யாருடையதாக இருந்தாலும் எனக்கு. மரையைக் கூட்டி வந்தவன் இல்லையா.

அலங்குக்கு அது பிடிக்கவில்லை. அவன் காயப்போட்ட தோலை ஓநாய் ஒருமுறை இழுத்துப் போய்விட்டது. கல்லால் அடித்தான். பார்த்த போதெல்லாம் அடித்தான். விலாவில், முதுகில். அது அவனைக் கண்டாலே பல்லைக் காட்டத் தொடங்கியது. அடித்தவனைப் பார்த்து ஓநாய் உறுமும். இன்று இது எல்லோருக்கும் தெரியும், உனக்கும் தெரிந்திருக்கும். அன்று தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்திருப்பது ஒரு குற்றமா?

ஆவிரை கவனித்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் கேட்டாள்.

"அலங்கு, மரைக்கும் உனக்கும் என்ன?"

"அது மரை இல்லை. ஓநாய். கறி போட்டா வருது, கல்லு போட்டா உறுமுது. இதுல என்ன பெரிய அதிசயம்?"

"அன்னைக்கு இடுக்குல நீயும் இருந்தே. பன்றி குத்துனா தொடையில மேல்நோக்கிக் கிழியும். மரைக்கு வயித்துல ஓட்டை. நான்தான் கழுவினேன். இத்தனை நாள் அதைத்தான் யோசிச்சிட்டிருக்கேன்."

அலங்கு என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"உடும்பன் ஈட்டி" என்றான். "நான் மேலேருந்து பாத்தேன். பன்றி போனப்புறம் எறிஞ்சான்."

"அப்பவே ஏண்டா சொல்லலை?"

"கை தப்பியிருக்கும்னு நெனச்சேன். அண்ணன் தம்பிக்குள்ள நான் எதுக்கு? இவன் ஈரல் தின்ன அழகைப் பாத்தப்புறம்தான் அப்படி இல்லைன்னு தோணுச்சு."

எங்களில் ஒரே தீயில் இருப்பவனைக் கொன்றவனுக்கு இரண்டு தண்டனை. ஈட்டி பிடிக்கும் கட்டைவிரல் இரண்டையும் கல்லில் நசுக்குவார்கள். பிறகு தீயிலிருந்து விரட்டுவார்கள். கொல்ல மாட்டார்கள். கொல்வது பாவம். கட்டைவிரல் இல்லாதவன் கல்லைப் பிடிக்க முடியாது, தீ மூட்ட முடியாது, மரம் ஏற முடியாது. நாங்கள் கொல்வதில்லை, அவ்வளவுதான்.

அவன் என் ஈட்டி என்றான். நான், பாறைக்கு மேலிருந்து அவன் எறிந்தது என்றேன். வேறு என்ன சொல்வது? அவனும் ஆள், நானும் ஆள், அவனுக்கும் இரண்டு கட்டைவிரல், எனக்கும் இரண்டு. அவன் ஈட்டியும் என் ஈட்டியும் ஒரே மரம், ஒரே கல். ஆவிரை ஓநாயைத் திரும்பிப் பார்த்தாள்.

"செத்தவனே சொல்லட்டும்" என்றாள்.

மறுநாள் காலை, வெயில் ஏறிய பிறகு, எங்கள் இருவரையும் ஒருவருக்கொருவர் முப்பது அடி தள்ளி உட்கார வைத்தார்கள். கையை விரித்து வைக்க வேண்டும். பனிக்காலம், என் கையில் வெடிப்பு. முந்தின நாள் கொழுப்பு தடவியிருந்தேன். வெடிப்புக்கு எல்லோரும் தடவுவதுதான். ஓநாயை அவிழ்த்துவிட அது கட்டியா இருந்தது? தானாக வந்தது. நேராக என்னிடம் வந்து இரண்டு உள்ளங்கையையும் நக்கியது. விரல் இடுக்கையும் விடவில்லை. பிறகு அலங்கின் பக்கம் திரும்பிப் பல்லைக் காட்டியது. அவன் அசையாமல் இருந்திருக்கலாம். மண்ணை அள்ளி அதன் முகத்தில் வீசினான். அது பாய்ந்து அவன் முழங்கையைக் கவ்வியது. எலும்பு தெரிந்தது.

ஆவிரை எழுந்துவிட்டாள். முடிந்தது.

"அது ஓநாய்! ஓநாய்டி! கண்ணு இல்லையா ஒருத்திக்கும்!" என்று நொச்சி குறுக்கே ஓடிவந்தாள். நான் தள்ளினேன். விழுந்த இடத்தில் கல் இருந்தது. அந்தத் தழும்புதான் நீ பார்த்தது. கல்லை நான் அங்கே வைக்கவில்லை.

நசுக்கும் கல்லைப் போட வேண்டியவன் செத்தவனின் நெருங்கிய உறவு. முறை அப்படி. நான் கல்லைத் தூக்கினேன். நான்கு பேர் அலங்கின் கையைப் பாறையில் அழுத்திப் பிடித்திருந்தார்கள். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"உடும்பா, இதையாவது குறி பாத்துப் போடு."

சிரித்தவர்கள் இரண்டு பேர். அதை நான் மறக்கவில்லை. முதல் கல் விரலின் நுனியில்தான் விழுந்தது. மறுபடி போட வேண்டியிருந்தது. ஒவ்வொரு கைக்கும் மூன்று முறை. கடைசியில் விரல் என்று சொல்ல எதுவும் இல்லை, பாறையில் ஒட்டியிருந்த தோல்தான் இருந்தது. அவன் கத்தினான். கத்திக்கொண்டே என் பெயரைச் சொன்னான். அவன் மனைவி பெயரைச் சொல்லியிருக்கலாம்.

ஓடைக்கு அந்தப் பக்கம் விரட்டினோம். அவன் தூரமாகப் போகவில்லை. தீ தெரியும் இடத்திலேயே உட்கார்ந்திருந்தான். நொச்சி தன் பங்கில் பாதியை எடுத்துப் போய் அவன் வாயில் வைத்துவிட்டு வருவாள். யாரும் தடுக்கவில்லை. ஐந்தாம் நாள் பொழுது சாயும்போது கழுதைப்புலிகள் வந்தன. அவன் காலால் உதைத்தான். கழுதைப்புலி சாகடித்துவிட்டுத் தின்னாது, தின்றுதான் சாகடிக்கும், உனக்குத் தெரியும். எலும்பு உடைகிற சத்தம் தீ வரைக்கும் கேட்டது. நொச்சியை மூன்று பேர் பிடித்து வைத்திருந்தார்கள். எங்கள் ஓநாய் எழுந்து நின்று பார்த்தது. போகவில்லை.

விரட்டப்பட்டவனுக்குச் செத்தவன் பங்கு கிடையாது. நொச்சி போட்டாள். தன் வாயிலிருந்து எடுத்துப் போட்டாள். இரண்டு மேடு ஏறி இறங்கி, குரல் எட்டாத தூரத்தில், திரும்பிப் பார்க்காமல். முறைப்படி. பைத்தியக்காரி. உடம்பு குச்சியாகிவிட்டது.

அவள் பின்னாலும் ஒன்று வந்தது. பெண் ஓநாய். அவள் திரும்பிப் பார்க்காததால் அது அவள் காலடி வரை வந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஒருநாள் அவள் தீக்கு வந்தபோது அது அவளோடு வந்தது.

எனக்கு அது தீயண்டை வருவது பிடிக்கவில்லை. காரணம் உனக்குத் தெரியும். யாரும் பார்க்காதபோது கல்லால் அடித்தேன். இரண்டு முறை, மூன்று முறை. ஒருமுறை ஈட்டி எறிந்தேன், தோளில் கீறிவிட்டுப் போனது. அது சாகவில்லை. அன்று முதல் என்னைக் கண்டால் பல்லைக் காட்டியது. எல்லோர் முன்னாலும் காட்டியது.

ஆவிரை அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "அலங்கு பேசறான்" என்றாள்.

"பொய்யன் செத்தாலும் பொய்யன்தான்" என்றேன்.

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஒரு செத்தவன் ஒன்று சொல்கிறான், இன்னொரு செத்தவன் வேறு சொல்கிறான். யாரை நம்புவது? அந்த நாட்களில் நான் தூங்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். கடைசியில் ஆவிரை சொன்னாள்: இரண்டு பேரும் மோதட்டும். ஜெயிக்கிறவன் சொன்னது உண்மை.

எனக்குச் சந்தோஷம். என் ஓநாய் ஒன்றரை மடங்கு பெரிது.

இரண்டையும் பாறைகளுக்கு நடுவே இருந்த பள்ளத்துக்கு ஓட்டிவிட்டு எல்லோரும் மேலே உட்கார்ந்தோம். நொச்சி தனியாக. நான் "கொல்லு! கொல்லு!" என்று கத்தினேன். அவை ஒன்றையொன்று சுற்றின. முகர்ந்தன. மறுபடி சுற்றின. பெண் வாலை ஒதுக்கியது. என் அண்ணன் அதன்மேல் ஏறினான்.

மேலே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அலங்கு எப்பவும் இப்படித்தானா, நொச்சி?" என்றாள் ஒரு கிழவி.

"உடும்பா, உங்கண்ணன் சமாதானம் பேசறான்டா!"

பாறையே அதிர்ந்தது. ஆள் செத்து, அடித்து, நசுக்கி, அழுது கிடந்த கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டது. நானும் சிரித்தேன். ஆவிரை சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னாள். செத்தவர்கள் ஒத்துப்போய்விட்டார்கள். உயிரோடு இருப்பவர்கள் இனி இதைப் பேச வேண்டாம்.

நொச்சி மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து நின்று கேட்டாள்:

"அப்ப என் புருஷனோட வெரலை யார் திருப்பித் தருவா?"

தீர்ப்பு முடிந்த பிறகு கேட்கிற கேள்விக்கு யார் பதில் சொல்வார்கள்?

வெயில் தொடங்கியபோது பெண் ஓநாய் நொச்சி படுக்கும் பாறைக்கு அடியில் குழி தோண்டிக் குட்டி போட்டது. ஐந்து. நான் போய்க் கேட்டேன். அண்ணன் செத்தால் அவன் பிள்ளைகள் தம்பிக்கு. அது எங்கள் முறை, உங்களுக்கும் அதுதானே?

"எங்கண்ணன் பிள்ளைங்க. எனக்குத்தான்."

"பெத்தது என் புருஷன்" என்றாள் நொச்சி. "போய்ப் பாரு, அவனுக்குத்தான் பால் கட்டியிருக்கு."

மறுபடியும் சிரிப்பு. அவள் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. ஆவிரை பிரித்தாள்: மூன்று எனக்கு, இரண்டு நொச்சிக்கு. பால் மறந்த பிறகு. நான் ஒத்துக்கொண்டேன். அவளும் ஒத்துக்கொண்டாள். ஆனால் தாய்க்குத் தீனி வைத்தவள் அவள். குட்டிகளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டவள் அவள். கண் திறந்தபோது ஐந்தும் முதலில் பார்த்தது அவளை. நான் கிட்டே போனால் தாய் உறுமியது. தாய் உறுமினால் ஐந்தும் சேர்ந்து உறுமின. உள்ளங்கை அளவுதான் இருக்கும், அதற்குள் உறுமல்.

நொச்சி என்னைப் பார்த்துச் சொன்னாள், குரலை உயர்த்தாமல், கிழங்கு சுரண்டிக்கொண்டே:

"வளரட்டும் உடும்பா. அஞ்சு வாயும் வளந்து பேசட்டும்."

இப்போது சொல், நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஐந்து ஓநாய் தினமும் எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினால் ஆவிரை எத்தனை நாள் சும்மா இருப்பாள்?

நொச்சி கிழங்கு தோண்டப் போயிருந்தாள். தாய் தண்ணீருக்குப் போயிருந்தது. நல்ல வெயில். எல்லோரும் நிழலில் கிடந்தார்கள். நான் குழிக்குள் கையை விட்டேன். அவளுடைய இரண்டைத்தான் கொல்ல நினைத்தேன். என்னுடைய மூன்றைத் தொடும் எண்ணமே இல்லை. எது யாருடையது என்று குட்டியில் அடையாளம் போட்டா இருக்கிறது? கையில் வந்ததை எடுத்தேன். பாறையில் வைத்துக் கல்லைப் போட்டேன். சின்னத் தலை, ஒரே அடி. மற்றொன்றை எடுத்தபோது தாய் வந்துவிட்டது.

என் இடது முன்கையைக் கவ்வி உதறியது. தசை கிழிந்தது. நான் விழுந்தேன். அப்போது என் ஓநாய் மேட்டில் நிற்பதைப் பார்த்தேன். ஏழு மாதம் என் கையால் தின்றது. அதுவரை ஒருநாளும் நான் அதை அப்படிக் கூப்பிட்டதில்லை. அன்று கூப்பிட்டேன்.

"அண்ணா! அண்ணா!"

அது ஓடி வந்தது. செத்த குட்டியை முகர்ந்தது. பிறகு என் தொடையைக் கடித்தது. விடவில்லை. கல்லால் அதன் மண்டையில் அடித்தேன், விடவில்லை. மற்றவர்கள் கொள்ளிக்கட்டையோடு வந்துதான் பிரித்தார்கள். எல்லோரும் பார்த்துவிட்டார்கள். மரை உடும்பனைக் கடித்துவிட்டான். நான் அண்ணா என்று கத்தியதையும் கேட்டுவிட்டார்கள்.

நொச்சி வந்தாள். பாறையில் இருந்ததைப் பார்த்தாள். அழவில்லை. செத்த குட்டியைக் கல்லுக்கு அடியில் வைத்தாள், ஆளை வைப்பதுபோல. விடிந்தபோது அவள் இல்லை. தோலில் சுற்றி நான்கு குட்டிகளையும் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்துவிட்டாள். வெயில் காலம், முழங்கால் அளவுதான் தண்ணீர். அவள் கால்தடத்துக்கு ஒரு பக்கம் பெண் ஓநாயின் தடம். மறுபக்கம் என் ஓநாயின் தடம்.

திருட்டு இல்லையா இது? மூன்று எனக்கு என்று ஆவிரை வாயால் சொன்னது. பெரிய ஓநாய் முழுக்க என்னுடையது. நான் போட்ட கறியைத் தின்று வளர்ந்தது. ஒருத்தி ஒரே விடியலில் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனால், அவளைப் பிடிக்க ஆள் அனுப்ப வேண்டாமா? ஒருவன்கூட எழுந்திருக்கவில்லை. என் தொடையில் சீழ் வைத்துக் கிடந்தேன். தண்ணீர் கொடுக்க ஆள் வரவில்லை.

ஆவிரை வந்தாள், பத்து நாள் கழித்து.

"செத்தவன் பங்கு மழை வரைக்கும். நீ போட்டுட்டு வா. மரை வந்து தின்னா நீ சுத்தம்."

போட்டேன். நொண்டிக்கொண்டே இரண்டு மேடும் ஏறி இறங்கினேன். குரல் எட்டாத தூரம். திரும்பிப் பார்க்கவில்லை. சில நாள் பார்த்தேன். எறும்பு, காக்கை. ஒருநாள் நானே கறியைக் கல் இடுக்கில் ஒளித்துவிட்டு வந்து, தின்றுவிட்டான் என்றேன். ஆவிரை அந்த இடத்துக்கு நடந்து போனாள். மண்ணைப் பார்த்தாள். தடம் ஒன்றுதான் இருந்தது. என்னுடையது.

அதன்பிறகு தினமும் வானத்தைப் பார்த்தேன். எல்லோரும் மழைக்கு ஏங்கினார்கள். நான் ஒருவன்தான் வர வேண்டாம் என்று வேண்டியவன். ஊற்று வற்றியது. ஒரு கைக்குழந்தை செத்தது. அப்போதும் வேண்டினேன். நாற்பது நாள். அப்புறம் மேற்கே இடித்தது.

நடந்தது இதுதான். எதையும் மறைக்கவில்லை. இப்போது சொல், குட்டி யாருடையது? நான்கும் வேண்டாம், மூன்றும் வேண்டாம். இந்த ஒன்றைக் கொடு, போதும். தீனி நான் போடுகிறேன். பழக்குவது எனக்குத் தெரியும், உனக்கே தெரியும் இப்போது. இல்லாவிட்டால் உன் தீ எங்கே இருக்கிறது என்றாவது சொல். ஓரமாகப் படுத்துக்கொள்கிறேன்.

என்ன கேட்டாய்? என் தீ எங்கே என்றா?

மழை இறங்கிய நான்காம் நாள் காலை, ஆவிரை என் இரண்டு கட்டைவிரலையும் கல்லில் வைத்து நசுக்கி, ஓடைக்கு இந்தப் பக்கம் என்னை விரட்டினாள்.